ஆயிரம் பேருக்கும் ஒரே பெயர்

ஹெப்பாளில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் நானும் ஸ்டெல்லாவும் வேலை பார்க்கிறோம். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தால் ஓர் இணையதளம் தாங்குமா என்று சோதிக்கும் கருவியை உருவாக்குகிறோம். கருவி தளத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையோடும் என்ன தகவல் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பகுதியை வடிவமைத்தவள் ஸ்டெல்லா.

ஒரு மருத்துவமனையின் முன்பதிவுத் தளத்தை அங்கேயே போய்ச் சோதித்துக் காட்டினோம். தளம் தடுமாறவே இல்லை.

"அப்ப நாளைக்கே சைட்டை எல்லாருக்கும் திறந்து ஷுரு பண்ணிடலாம்" என்றார் மருத்துவமனை அதிகாரி. எல்லோரும் கைதட்டினோம்.

ஸ்டெல்லா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இதை நம்பாதீங்க. என் டிசைன்லதான் தப்பு. ஆயிரம் தடவையும் ஒரே நோயாளி பேர்தான் போயிருக்கு. ஏற்கெனவே பதிவாயிடுச்சுன்னு சைட் வேலையே செய்யாம சும்மா திருப்பி அனுப்பியிருக்கு."

அவள் உடனே உட்கார்ந்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் வேறு வேறு பெயரைக் கோப்பிலிருந்து எடுக்கும் வசதியைச் சேர்த்தாள். மறுபடி சோதித்ததும் தளம் முடங்கியது. அதிகாரி அவளுக்கு நன்றி சொல்லி, திறப்பைத் தள்ளிவைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்: "பேசாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே?"

"காய்ச்சல் குழந்தையை மடியில வெச்சுக்கிட்டு முடங்கிப்போன சைட்ல யாராவது அந்த புக்கிங் பட்டனை அமுக்கிட்டே இருப்பாங்கப்பா" என்றாள்.

இப்போதெல்லாம் என் வேலையில் பிழை கண்டால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன். குரல் கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது.