பன்னிரண்டு எழுத்திலும் இல்லாத பெயர்

பாட்டு ‘ஔ’வை நெருங்கும்போது மாமா தொண்டையைச் செருமி, சால்வையைத் தோளில் ஏற்றிவிடுவார். அந்த எழுத்துக்கு அவரிடம் இருந்தது ஒரேயொரு சொல், ஔவியம். ஆகையால் சண்டிலிப்பாயிலும் அயலிலும் அறுபதுகளில் இறந்த அத்தனை பேரும், வேலிச் சண்டைக்கு வழக்காடியே காலம் கழித்தவர்கள் உட்பட, பொறாமை அறியாத உத்தமர்களாகவே போய்ச் சேர்ந்தார்கள்.

அம்மாவின் தமையனான அவரை ஊர் பண்டிதர் என்றது. ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் அச்சடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டுக்கு, அகரம் முதல் ஔகாரம் வரை எழுத்துக்கொரு பாட்டாகக் கட்டிக் கொடுப்பதில் அவருக்குப் பெரிய பெருமை. அன்பின் உறைவிடம், ஆற்றலின் இருப்பிடம், இன்சொல்லின் பிறப்பிடம் என்று அது இறங்கிக்கொண்டே போகும். இறந்தவர் சிரிப்பாரா, சினப்பாரா என்று ஒருபோதும் விசாரித்ததில்லை. எழுத்து வரிசை பிசகாமல் வந்தால் கவிதையும் வந்துவிட்டதென்று நம்பிய மனிதர். நான் அவரை மதித்ததில்லை, இன்றும் மதிக்கவில்லை.

அக்கா படிப்பித்த இடத்தில் குருநகர்க் கத்தோலிக்கர் ஒருவரை விரும்பிக் கட்டினாள். ஐயா இல்லாத எங்கள் வீட்டில் மாமாவின் சொல்தான் சட்டம். இனி அவளுடைய பெயரை இங்கே ஒருவரும் எடுக்கக் கூடாது என்றார். அம்மா ஒளித்துத்தான் போய் அவளைப் பார்த்து வந்தார். சில வருடங்களில் அக்கா நெருப்புக் காய்ச்சலில் இறந்துபோனாள். செத்தவீட்டுக்கு வராத மாமா, எங்கள் வீட்டில் முப்பத்தோராம் நாள் வைக்க அம்மா முடிவுசெய்ததும் பாட்டோடு வந்துவிட்டார். அந்த ஒழுங்குகளைப் பற்றிக் கதைக்க வந்திருந்த அத்தான், உள்ளே வரத் தயங்கிப் படலையடியில் நின்றார்.

மாமா பன்னிரண்டு பாட்டையும் இழுத்து இழுத்துப் படித்தார். உறவினர் தலையாட்டினார்கள். அம்மா மட்டும் கேட்டார்: “அண்ணை, பிள்ளையின்ரை பேர் எங்கை?”

“அது உயிரெழுத்திலை தொடங்கேல்லையே. இது உயிர் வருக்கம். இலக்கணம் இடங்குடுக்காது.”

உயிரெழுத்தில் தொடங்காத எத்தனையோ பெயர்களை வரியின் நடுவே செருகிய கை அது. அம்மாவுக்கும் அது தெரியும்.

“அப்ப உது என்ரை பிள்ளைக்கில்லை. வேறை ஆருக்கும் குடுங்கோ,” என்றுவிட்டு அம்மா எழுந்து படலைக்குப் போனார். “உள்ளை வாங்கோ தம்பி. அவளைப் பற்றிக் கதையுங்கோ.”

அத்தான் வந்து விறாந்தையில் இருந்தார். அக்காவின் பெயரைச் சொல்லித்தான் தொடங்கினார். மீன் வெட்டப் பழகிக் கையை அறுத்துக்கொண்டது, அயல் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது, கோபம் வந்தால் ஒரு நாள் முழுக்கக் கதையாமல் இருந்தது என்று தட்டித் தடுமாறிச் சொன்னார். அம்மா அழுதுகொண்டே சிரித்தார். மாமா எப்போது எழுந்து போனாரென்று ஒருவரும் கவனிக்கவில்லை.

ஆனால் அம்மாவின் சொல்லை அவர் அப்படியே நிறைவேற்றினார். சில மாதங்களில் சாவகச்சேரி நீதிமன்றத்தில் பெயரெடுத்த ஓர் அப்புக்காத்தின் மனைவி இறந்தபோது வந்த கல்வெட்டில் அதே பன்னிரண்டு பாட்டும் இருந்தன. அந்த அம்மையாரின் பெயரும் உயிரெழுத்தில் தொடங்குவதல்ல. ஆனாலும் அது மூன்று இடத்தில் வந்திருந்தது.