அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு ஃபாரம்

வெப்சைட் செய்து கொடுக்கும் தொழிலில், வேலை சரியாக இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிறவர் வாடிக்கையாளர் இல்லை, அவருடைய மச்சினன். அவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். நாம் மாதக்கணக்கில் மெனக்கெட்டதை ஃபோனில் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் ஓசியிலேயே கிடைக்குமே என்பார். தஞ்சாவூரில் ஒரு டிபன் கடை மாடியில் பத்து வருஷமாக இந்தப் பிழைப்பில் இருக்கிறேன். அந்த மச்சினனுக்குப் பயந்து வாழும் சக ஜீவன்கள் யாராவது இதைப் படித்தால் என் வயிற்றெரிச்சல் புரியும். ஆனால் இது மச்சினன் கதை இல்லை. யாரையும் கலக்காமல் தானாக மாடியேறி வந்த ஒரு வாடிக்கையாளர் ஒரு வருஷம் என்னைப் படுத்திய பாடு.

கறக்கிற மாடு எது?

மங்கை அக்கா வந்தது ஒரு மாசி மாதம். திருக்கடையூரில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள வரும் குடும்பங்களுக்குத் தங்க இடம், சாப்பாடு, ஐயரிடம் பேசுவது, மாலை வாங்குவது என்று எல்லாம் அவர் பொறுப்பு. கணவர் போன பிறகு அந்த வீடுதான் அவருக்கு வேலையும் துணையும். இப்போது பெரிய லாட்ஜுக்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஆட்களை மடக்கிக்கொண்டு போய்விடுவதால் இவருடைய அறைகள் பூட்டியே கிடந்தன. அடுத்த தைக்குள் கூட்டம் வராவிட்டால் வீட்டை ஒரு லாட்ஜுக்குக் கொடுத்துவிடுவேன் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம். அப்புறம் ஓசூரில் மகன் வீட்டு ஹாலில் போய் டிவி பார்க்க வேண்டியதுதான் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

என் கூட்டாளி ஜெனிஃபர் ரீல்ஸ் கட்சி. நான் வெப்சைட் கட்சி. இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு அவரவர் சரக்கின் பெருமையைப் பேசினோம். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, விடிகாலையில் அடுப்பு பற்றவைத்தால் தனக்கு உட்கார நேரம் கிடையாது, ஏதாவது ஒன்றைத்தான் பார்த்துக்கொள்ள முடியும் என்றார். இரண்டும் வேண்டும் என்று ஜெனி ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ரெண்டு மாடு கட்ட எனக்கு எடமும் இல்ல, தெம்பும் இல்லம்மா. கறக்குற மாடு எதுன்னு மட்டும் சொல்லிடுங்க."

திருக்காட்டுப்பள்ளி அறுப்பு மிஷின்

அந்தச் சமயத்தில் என் கட்சிக்கு ஒரு சாட்சி கிடைத்தது. திருக்காட்டுப்பள்ளியில் நெல் அறுக்கும் மிஷின் வைத்திருக்கும் ஒருவருக்கு முந்தின வருஷம் ஜெனி ஃபேஸ்புக்கில் ஒரு பேஜ் ஆரம்பித்துக் கொடுத்திருந்தாள். மிஷின் வயலில் இறங்கும் வீடியோவுக்குப் பாட்டெல்லாம் போட்டுப் பிரமாதப்படுத்தியிருந்தாள். ஆற்றுக்கு அக்கரைக்காரர்கள்கூட லைக் போட்டார்கள். இந்தச் சம்பாவுக்கு ஃபோன் மணி அடிக்கும் என்று அவர் மிஷினைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். மணி அடிக்கவில்லை. நேரே எங்களிடம் வந்துவிட்டார்.

"லைக் போட்டவன் பூரா வேற மிஷினை வச்சு அறுத்துட்டான் மேடம். ஏன்டான்னு கேட்டா, உங்க நம்பரைத் தேடித்தேடிப் பாத்தோம்ணே, உங்க மச்சான் பொறந்தநாள் போட்டோதான் வந்துக்கிட்டே இருந்துச்சுங்கறான்."

கார்டில் இருந்த வயசு

ஆக வெப்சைட் ஜெயித்தது. அக்காவுக்கு நான் செய்து கொடுத்த வெப்சைட்டில் எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது அந்த ஃபாரம்தான். அறுபதாம் கல்யாணத்தை ஆங்கிலத் தேதியில் செய்வதில்லை. பிறந்த தமிழ் மாதத்தில், பிறந்த நட்சத்திரத்தில் செய்வார்கள். என் ஃபாரத்தில் ஆதாரில் உள்ள பிறந்த தேதியைப் போட்டால் போதும், மாதமும் நட்சத்திரமும் அதுவே கணக்குப் போட்டு நாள் குறித்துக் கொடுத்துவிடும். அக்காவுக்கு, யார் ஃபோன் செய்தாலும் அரை மணி நேரம் பிறப்பு வளர்ப்பெல்லாம் விசாரிக்கிற ஒரு வழக்கம் உண்டு. அந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஃபாரம் வழியாக வந்த முதல் குடும்பம் வேதாரண்யத்திலிருந்து. படகில் போய் மீன்பிடித்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த வேதமூர்த்திக்கு, நாகப்பட்டினத்தில் ஆபீஸில் வேலை பார்க்கும் மகன் ஏற்பாடு செய்திருந்தார். ஆனி மாதத்தில் ஒரு நாள். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கி, பட்டுப்புடவை சரசரக்க மாலையும் கையுமாக நின்றார்கள். ஐயர் சங்கல்பத்துக்கு நட்சத்திரத்தைச் சொன்னதும் வேதமூர்த்தியின் அக்கா குறுக்கிட்டார். தம்பி பிறந்தது ஆனியே இல்லை, கார்த்திகை. அடைமழையில் மருத்துவச்சியைக் கூட்டிவர ஓடியதே நான்தான் என்றார்.

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, கையைத் தலைக்கு மேலே சுற்றிக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயசு. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூனில் ஒரு தேதியை வாத்தியாரே எழுதிக்கொள்வார். அந்தத் தேதிதான் ஆதார் வரைக்கும் வந்து, என் ஃபாரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. எங்கள் ஊரில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள். இது எனக்குத் தெரியாத விஷயமா என்ன? தெரிந்தும் புத்தியில் உறைக்கவில்லை.

மகன் கோபத்தில் கத்தினார். நான் தூணோடு தூணாக நின்றேன். மங்கை அக்கா என்னைக் கை காட்டவில்லை. ஒரு வார்த்தை கேட்காமல் விட்டது என் தப்பு தம்பி என்று சொல்லிவிட்டு, எல்லாரையும் உள்ளே கூப்பிட்டு இலை போட்டார். கல்யாணம் இல்லாமலே கல்யாணச் சாப்பாடு நடந்தது. நான் வேதமூர்த்தியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பாயசத்தை இலையில் வழித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வயசுல ஆறு மாசம் கொறஞ்சிருக்கு பாப்பா. இதுக்குப் போய் யாராவது கோவப்படுவாங்களா?"

ஓடிய ரீல்

அவர் மன்னித்தாலும் என் கட்சி தோற்றது தோற்றதுதான். ஜெனி கையில் கேமராவோடு திருக்கடையூருக்குப் புறப்பட்டாள். ஆவணியில் பழைய பழக்கத்தில் வந்த ஒரு தம்பதி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சம்மதித்தார்கள். அந்தப் பெரியவர் தாலி கட்டும்போது கை நடுங்கி முடிச்சு விழவில்லை. மனைவி தலையைக் குனிந்தபடியே தன் கையால் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். முடிச்சு விழுந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான் வீடியோ. அது ஓடிய ஓட்டத்தில் அக்காவின் ஃபோன் சூடாகிவிட்டது. நிறையப் பேர் சும்மா விசாரித்தார்கள், சிலர் அறையும் கேட்டார்கள். பிழைத்தோம் என்று ஜெனி சாக்லேட் வாங்கி வந்தாள்.

நாலாம் நாள் அந்த மனைவி அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார். வீடியோவுக்குக் கீழே எவனெவனோ, இந்த வயசில் இதெல்லாம் தேவையா என்கிற ரீதியில் எழுதியிருந்ததைப் பேத்தி படித்துக் காட்டியிருக்கிறாள். அவர் குறை சொல்லவில்லையாம், லேசாகச் சங்கடப்பட்டாராம். அக்கா உடனே வீடியோவை எடுக்கச் சொன்னார். கமெண்ட்டை மட்டும் மூடிவிடலாம், தைக்கு இன்னும் நாலைந்து மாசம்தான் இருக்கிறது, வீடு போய்விடும் என்று நாங்கள் இருவரும் மாற்றி மாற்றிக் கெஞ்சினோம். வீடு எனக்கும் வேண்டியதுதான் என்றார் அக்கா.

"அந்தம்மா அழுதது அவங்க வீட்டுக்காரருக்காக. ஊருக்காக இல்ல. எடுத்துடுங்கம்மா."

ஃபாரம் போய்க் கேள்வி வந்தது

இரண்டு மாடும் போயின. ஐப்பசி மழையில் ஒரு நாள் அக்கா மறுபடியும் மாடியேறி வந்தார். வீட்டைக் காலி செய்யப்போகிறேன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ, வெப்சைட்டில் இருக்கிற எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னார். கோபுரம் படம் வேண்டாம், ஃபாரம் வேண்டாம். தன் ஃபோன் நம்பரைப் பெரிதாகப் போட்டு, மேலே இரண்டு வரி மட்டும் எழுதச் சொன்னார். 'உங்கள் அப்பா எந்த மாதம் பிறந்தார் என்று தெரியுமா? தெரியாவிட்டால் கூப்பிடுங்கள், பேசிக் கண்டுபிடிக்கலாம்.' வேதமூர்த்தி வீட்டு வேன் திரும்பிப் போனதிலிருந்து அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாராம். நான் மறுபேச்சில்லாமல் மாற்றினேன். பத்து வருஷ அனுபவத்தில் இவ்வளவு மொட்டையாக ஒரு வெப்சைட் நான் செய்ததில்லை. ஜெனி எட்டிப் பார்த்தாள்.

"கயல், இது வெப்சைட்டும் இல்ல, ரீல்ஸும் இல்ல. கதவுல ஒட்டுன சீட்டு."

தை ஆயில்யம்

அந்தச் சீட்டைப் பார்த்துக் கூப்பிட்டவர்கள் யார் தெரியுமா? நடவு நட்டு, கட்டு சுமந்த வீடுகளில் பிறந்து இன்றைக்கு டீச்சராக, நர்ஸாக, பேங்கில் வேலையாக இருக்கும் பிள்ளைகள். அப்பாவுக்கு ஜாதகம் கிடையாது, அதனால் அறுபதாம் கல்யாணமெல்லாம் நமக்கில்லை என்று விட்டிருந்தவர்கள். அக்கா அவர்களிடம் ஃபோனை அப்பாவிடம் கொடுக்கச் சொல்வார். நீங்கள் பிறந்தபோது உங்கள் அம்மா நடவில் இருந்தார்களா அறுப்பில் இருந்தார்களா, ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா, பக்கத்தில் என்ன திருவிழா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு மாதத்தைப் பிடித்துவிடுவார். நட்சத்திரம் பிடிபடாவிட்டால் பெயரின் முதல் எழுத்தை வைத்து ஐயர் பார்த்துக்கொள்வார். பேசி முடித்த பிள்ளைகள் அந்த லிங்க்கைத் தங்கள் குடும்ப குரூப்பிலெல்லாம் தாங்களே போட்டார்கள். பிறந்த கார்த்திகையிலேயே வேதமூர்த்தி இரண்டு வேனில் வந்தார். மார்கழிக் கடைசியில் வீட்டுக்காரர் வந்து வாசலில் கிடந்த செருப்புகளைத் தாண்ட வழியில்லாமல், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அந்தச் சந்தோஷத்தில் அக்காவைப் பார்க்கப் போனேன். பேச்சுவாக்கில், உங்கள் அப்பாவுக்கு எப்போது என்று கேட்டார். போன ஜூனிலேயே அறுபது முடிந்துவிட்டது, கேக் வெட்டினோம் என்றேன். சொல்லும்போதே, அதுவும் கார்டில் இருந்த ஜூன்தான் என்று உறைத்தது. அக்கா கையை நீட்டி என் ஃபோனை வாங்கி அப்பாவிடம் பேசினார். நடுவில் சிரிப்பெல்லாம் கேட்டது. ஊரே சம்பா அறுப்பில் இருந்தபோது, கட்டைக் களத்தில் இறக்கிவைத்த கையோடு என் அப்பாயிக்கு வலி வந்திருக்கிறது. தைப்பூசத்துக்கு மறுநாள். பூசத்துக்கு அடுத்தது ஆயில்யம் என்று அக்கா விரலை மடக்கினார். அப்பாவுக்கு இன்னும் அறுபது முடியவே இல்லை.

அந்தத் தையிலேயே அக்கா வீட்டில் வைத்து நடந்தது. புது வேட்டியில் அப்பா கூச்சப்பட்டுக்கொண்டு நின்றார். அம்மா அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, ஜெனி கேமராவைத் தானாகவே பைக்குள் வைத்துவிட்டாள். பந்தி முடிந்ததும் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை வருஷமாக இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் பரிமாறிக்கொண்டிருந்த மங்கை அக்காவைப் பார்த்தார்.

"அறுபது ஆயிடுச்சுன்னு எல்லாரும் கார்டைப் பாத்துச் சொன்னீங்க. நீங்க எப்பங்க பொறந்தீங்கன்னு என்கிட்ட கேட்டது இவங்க ஒருத்தங்கதாம்மா."

இப்போதெல்லாம் வெப்சைட் நல்லதா ரீல்ஸ் நல்லதா என்று யார் மாடியேறி வந்தாலும், ஃபோன் வந்தால் எடுத்து அரை மணி நேரம் பேச உங்களுக்கு ஆள் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன், அதில் பாதிப் பேர் கீழே டிபன் சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போகிறார்கள், திரும்பி வருவதே இல்லை.