மடக்குக் கத்திக்கு மட்டும் ஏன் ஒரே பொட்டு

ஆயுத பூஜையன்று கட்டிங் பிளேயர், டெஸ்டர், டிரில் மெஷின் எல்லாவற்றுக்கும் தாராளமாகச் சந்தனம் பூசுகிறேன். மடக்குக் கத்தியை மட்டும் மூடி வைத்து, கைப்பிடியில் ஒரே ஒரு பொட்டு வைக்கிறேன். ஏன் என்று பிள்ளைகள் நீங்கள் இருவரும் வருஷா வருஷம் கேட்கிறீர்கள். வாயால் சொன்னால் எனக்குச் சாதகமில்லாததை விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து, தப்பு இருந்தால் திருத்திப் படியுங்கள்.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால், இரண்டாயிரத்துக்குப் பிறகு, முடிச்சூரில் வயலெல்லாம் பிளாட்டாகிக்கொண்டிருந்த சமயம் அது. இரும்புலியூரிலிருந்து சைக்கிளில் போய், அங்கே கட்டும் புது வீடுகளுக்கு வயரிங் செய்துகொண்டிருந்தேன். வயர் சீவ அப்போதெல்லாம் தனிக் கத்தி கிடையாது. ஹேக்ஸா பிளேடை ஒடித்து, பிடிக்கும் பக்கம் டேப் சுற்றிக்கொள்வோம், அவ்வளவுதான்.

தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படிக்குக் கீழே ஒருவர் பிளாஸ்டிக் ஷீட் விரித்து டார்ச், பூட்டு, நகவெட்டி, மடக்குக் கத்தி என்று பரப்பியிருப்பார். கறுப்புக் கைப்பிடி வைத்த ஒரு கத்தி எனக்குப் பிடித்தது. விலை அறுபது ரூபாய். எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டேன்.

"சைனாதாண்ணா. சைனான்னு சொல்லித்தான் விக்கிறேன். வயரு சீவு, பழம் நறுக்கு. எதையும் குத்தி நெம்பாத. அதுக்கு இது இல்ல."

அந்தக் கத்தியைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். பிளேடில் ஸ்டெயின்லெஸ் என்று அடித்திருந்தது, ஆனால் முதல் மழைக்கே புள்ளி புள்ளியாகத் துரு வந்தது. நாலு நாளில் கூர் மழுங்கும். கட்டட வேலையில் கிடைக்கும் கிரானைட் துண்டில் தேய்த்தால் அஞ்சு நிமிஷத்தில் திரும்பக் கூர் வரும். கைப்பிடி ஸ்குரூ மாதம் ஒருமுறை தளரும், முடுக்க வேண்டும். உள்ளே ஒரு மெல்லிய தகடு உண்டு. கத்தியை முழுசாகத் திறந்ததும் அது பிளேடுக்குப் பின்னால் வந்து, மடங்காதபடி முட்டுக் கொடுக்கும். 'டக்' என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் மட்டும் வாங்கிய எட்டு மாசத்தில் ஒருநாளும் தவறவில்லை. என்னோடு வேலை செய்த கூட்டாளி மட்டும் விடவில்லை. "சைனா மாலு மச்சான், ஒருநாள் உன் கையிலயே வேலையக் காட்டும்" என்பான்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எல்லாச் சாமானையும் கழுவினேன். அதற்கு முதல் பூஜை என்பதால் கத்திக்குக் கூடுதல் மரியாதை. திறந்து வைத்து பிளேடு, மூட்டு, தகடு எல்லா இடத்திலும் கெட்டியாகச் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது இல்லையா, நன்றாகக் காய்ந்துவிட்டது. அப்புறம் எடுத்து மேலாகத் துடைத்துப் பையில் போட்டேன்.

வேலைக்குப் போன அன்று சுவரில் பதித்த சுவிட்ச் பெட்டிக்குள் சிமெண்ட் ஒட்டியிருந்தது. கத்தியைத் திறந்தேன். 'டக்' கேட்கவில்லை. கேட்கவில்லை என்பது அப்போதே தெரிந்தது, ஆனாலும் முனையால் குத்தி நெம்பினேன். கத்தி மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. அஞ்சு தையல். டாக்டர் பத்து நாள் கையை நனைக்கக் கூடாது என்றார்.

அன்று சாயங்காலமே கட்டோடு மேம்பாலத்துக்குப் போனேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் ஆபீஸ்காரர் கையில் கத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கத்தான் போகிறார், பணம் கூட எடுத்துவிட்டார். நான் விரலைத் தூக்கிக் காட்டி, இது மனுஷன் வாங்குகிற பொருளா, எத்தனை பேர் கையை இவன் வெட்டுவான் என்று கத்தினேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். நின்றிருந்த மற்றவர்களும் நகர்ந்தார்கள்.

கடைக்காரர் திருப்பிக் கத்தவில்லை. என் கத்தியை வாங்கித் திறந்தார். விற்பனைக்கு வைத்திருந்த டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தார். சட்டையிலிருந்த ஊக்கை எடுத்துத் தகட்டின் இடுக்கில் விட்டார். மஞ்சளும் சிவப்புமாகப் பொடி உதிர்ந்தது. பொடி நின்றதும் கத்தியை மூடித் திறந்தார். 'டக்'.

"இன்னாண்ணா, கத்திக்குச் சந்தனக் காப்பா? அந்த எடத்துல அடச்சா தகடு எப்டி வரும்?"

அவர் சொன்ன அடுத்த வார்த்தைதான் கஷ்டமாக இருந்தது.

"அந்த சாரு டெய்லி இந்த வழியாத்தான் போறாரு. இனிமே இந்தப் பக்கம் திரும்ப மாட்டாரு."

கத்தியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். என் தப்பை ஊர் பார்க்க அவர்மேல் போட்டுவிட்டு, உண்மையை எங்கள் இருவரோடு நிறுத்திவிட்டு வந்தேன். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை என்றெல்லாம் சொல்லமாட்டேன், சாப்பிட்டேன். ஆனால் வேலை இல்லாமல் வீட்டில் இருக்கும்போது அதே நினைப்புதான். அவருக்கு அந்த ஷீட்டை விட்டால் வேறு கடை இல்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் போய் அவர் பக்கத்தில் நின்றேன். எதற்கு என்று கேட்டார். அந்த சார் வரட்டும் என்றேன். ரெண்டு ரயில் கூட்டம் இறங்கிப் போன பிறகு அவர் வந்தார், நிஜமாகவே பார்க்காமல் போனார். நான் குறுக்கே போய், "சார், அன்னிக்கு நான் சொன்னது தப்பு. கத்தியில குத்தம் இல்ல. பூஜை சந்தனத்தை நான்தான் உள்ள அடைச்சுட்டேன்" என்றேன். ஸ்குரூ தளரும், துரு பிடிக்கும் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து ஒரு நகவெட்டி வாங்கிக்கொண்டு போனார்.

கடைக்காரர் பெருமூச்சு விட்டார். "அண்ணா, நெசத்தச் சொல்ல வந்தே, சந்தோஷம். அந்தக் கட்டுப் போட்ட கைய கொஞ்சம் பின்னால வெச்சுகினு சொல்லக் கூடாதா?"

இருவரும் சிரித்துவிட்டோம். அதற்குப் பிறகும் தையல் பிரிக்கும் வரை தினமும் அங்கே போய் நின்றேன். சைனா கத்தி தாங்குமா என்று யாராவது கேட்டால், கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, தெரிந்ததைச் சொல்வேன். சிலர் வாங்கினார்கள், சிலர் வாங்கவில்லை.

நான் ஒரே பொட்டு வைக்கும் கத்தி அதேதான். நாளைக்கு நீங்கள் வைத்தாலும் சந்தனம் மூட்டுப் பக்கம் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.