பந்தின் மேல் வைத்த கால்

கண்டியில் ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன், எங்கள் அணித் தலைவன் ஸ்வெட்டரைக் கழற்றுவதற்காகக் கையிலிருந்த பந்தைத் தரையில் வைத்தான். வைத்த கையோடு இடது காலைத் தூக்கி அதன் மேல் ஊன்றிக்கொண்டான். தலை ஸ்வெட்டருக்குள் சிக்கியிருக்க, இரண்டு கைகளும் மேலே நீட்டியிருக்க, ஒற்றைக் காலில் கொக்குப்போல அவன் நின்ற கோலத்தைப் பார்த்து எதிரணிப் பையன்கள் சிரித்தார்கள். "என்னப்பா, பந்து தப்பிச்சு ஓடிருமா? கட்டிப் போடக் கயிறு வேணுமா?" என்று பார்வையாளர் பக்கமிருந்து ஒருவன் கத்தினான். எங்கள் பையன்களுக்கு அந்தக் கேலி விளங்கவில்லை. சற்றுத் தள்ளி இன்னொருவன் வேறொரு பந்தை வைத்துவிட்டு, அவனும் அதன் மேல் காலை ஊன்றிக்கொண்டுதான் தலை சீவினான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த விளையாட்டு மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போனார்.

"ஏன்டா பந்த மிதிக்கிற?"

"உருண்டுரும்ல சார்."

"இங்க எங்கடா உருளும்?"

அவன் குனிந்து தரையைப் பார்த்தான். மெதுவாகக் காலை எடுத்தான். பந்து வைத்த இடத்திலேயே இருந்தது. அதை ஏதோ வித்தை பார்ப்பதுபோல இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தேதிகளில் எனக்குப் பிடிவாதம் உண்டு. உறுதியாகத் தெரியாத தேதியை எழுதுவதில்லை. ஐம்பதுகளின் கடைசி என்பது நிச்சயம். சிவனொளிபாத மலை யாத்திரை சீசன் முடியும் தறுவாய், மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகும் விசேஷ பஸ்கள் குறைந்துகொண்டிருந்த வாரம் என்பதும் நிச்சயம். ஹட்டன் நகரிலிருந்த எங்கள் கல்லூரியில் நான் சரித்திர ஆசிரியன். எங்கள் பக்கம் பெரிய பள்ளிக்கூடத்தையும் கல்லூரி என்றுதான் சொல்வார்கள். கூடைப்பந்து ஆட்டங்களுக்கு மேசை போட்டு உட்கார்ந்து நேரம் பார்த்து மணியடிப்பதும் என் பொறுப்பாக இருந்தது. அதனால் நான் சொல்லப்போகும் எல்லாவற்றையும் கோட்டுக்கு ஓரடி தள்ளி இருந்தே பார்த்தேன்.

கண்டிக் கல்லூரி ஒன்றோடு எங்களுக்கு ஆண்டுதோறும் இரண்டு ஆட்டங்கள். முதலாவது அவர்கள் மைதானத்தில், இரண்டாவது எங்கள் மைதானத்தில். இரண்டையும் வெல்லும் அணிக்குத்தான் கேடயம். ஆளுக்கொன்று வென்றால், ஏற்கெனவே வைத்திருப்பவர்களிடமே அது இருக்கும். நாங்கள் கண்டியில் தோற்போம், ஹட்டனில் வெல்வோம். ஆண்டு தவறாமல் இதுதான் நடந்தது. கேடயம் கண்டியை விட்டு நகரவில்லை. இதற்கு இரண்டு பக்கத்தாரிடமும் ஒரே விளக்கம்தான் இருந்தது. கண்டிப் பையன்களுக்கு எங்கள் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் பையன்களுக்கு அவர்கள் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை.

விளையாட்டு மாஸ்டர் பட்டிப்பொல ரயில் ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒருவரின் மகன். கொழும்பில் பயிற்சி பெற்று வந்து மூன்றாவது ஆண்டு. நியமனம் தற்காலிகமானது, அந்த ஆண்டு முடிவில் நிர்வாக சபை அதை நிரந்தரமாக்க வேண்டும், அல்லது அவர் போக வேண்டும். மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் ஸ்டேஷன் ரோட்டில் வாடகை அறையில் இருந்தார். முன்கோபக்காரர். விசிலைக் கழற்றி எறிந்துவிட்டு, பிறகு புல்லுக்குள் அவரே தேடுவார். கூடைக்குள் பந்தைப் போடுவதில் அவருக்குக் கைராசி கிடையாது. "சார், நீங்க சொல்லிக்குடுங்க போதும், போட்டுக் காட்ட வேணாம்" என்று பையன்கள் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள், சிரித்துக்கொள்வார். ஆட்டம் நடக்கும்போது எல்லோர் கண்ணும் பந்தின் பின்னால் ஓடும். அவர் கண் மட்டும் பையன்களின் கால்களில் இருக்கும்.

அன்று கண்டியில் வழக்கம்போலத் தோற்றோம். மறுநாள் காலை பாடசாலை தொடங்குவதற்கு முன் என்னை எங்கள் மைதானத்துக்கு அழைத்துப் போனார். நடுவட்டத்தில் பந்தை வைத்துக் கையை எடுத்தார். பந்து ஒரு கணம் யோசிப்பதுபோல நின்றது. பிறகு நகர்ந்தது. வேகம் எடுத்து, பக்கக்கோட்டைத் தாண்டி, பள்ளத்துப் பக்கம் இருந்த கொய்யா மரத்தடியில் போய் நின்றது. மீண்டும் வைத்தார். மீண்டும் கொய்யா மரம்.

சரிவைக் கண்ணால் கண்டுபிடிப்பது எங்கள் ஊரில் எளிதல்ல. ஒப்பிட்டுப் பார்க்கச் சமமான எதுவும் சுற்றிலும் கிடையாது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் சரிவில், பாதைகள் சரிவில், தேயிலை சரிவில். மைதானத்தை முதலில் வெட்டியவர்கள் மழைத்தண்ணீர் பள்ளத்துக்கு ஓடட்டும் என்று வேண்டுமென்றே இலேசாகச் சாய்த்திருக்க வேண்டும். எங்கள் பையன்கள் அதில் ஆடியே வளர்ந்தவர்கள். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும்போது உடம்பை மேட்டுப் பக்கம் சாய்த்துக்கொள்வார்கள். தரையில் அடித்துக் கொடுக்கும் பந்தை, பெறுபவனுக்கு ஒரு சாண் மேட்டுப் பக்கமாகக் குறிவைப்பார்கள். அவர்களுக்குத் தெரியாமலே அவர்கள் உடம்பு கற்றுக்கொண்ட கணக்கு அது. கண்டிப் பையன்கள் இங்கே வந்து பந்தைப் பள்ளத்துக்குத் தொலைத்தார்கள். எங்கள் பையன்கள் அங்கே போய், இல்லாத சரிவுக்கு முட்டுக் கொடுத்தார்கள். குளிரும் வெயிலும் எங்கள் கற்பனை.

"இத வெட்டிச் சமமாக்கணும்" என்றார் மாஸ்டர்.

அதிபர், அதாவது தலைமை ஆசிரியர், யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். என்னையும் கூட்டிக்கொண்டு போய் மாஸ்டர் சொன்னதைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "என்ன மாஸ்டர், நாங்கள் வெல்லுற இடம் அது ஒண்டுதான். அதையும் கிண்டப் போறீரோ?"

"அந்த ஒண்ண மட்டுமே ஜெயிச்சுக்கிட்டு இருக்கோம் சார். அதான் பிரச்சன."

"மழைக்குத் தண்ணி நிக்குமே?"

"நிக்கும் சார். வாரி ஊத்துவோம்."

அதிபர் என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். நிர்வாக சபைத் தலைவர் செப்டெம்பரில் ஹட்டனில் நடக்கும் இரண்டாவது ஆட்டத்துக்கு நேரில் வருகிறார் என்பதையும், மாஸ்டரின் நியமனத்தை அதற்குப் பிறகுதான் எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் நினைவூட்டினார். "இஞ்ச தோத்தால் என்னால ஒண்டும் கதைக்க ஏலாது. வேணுமெண்டால் அடுத்த வருசம் செய்யுமன்." மாஸ்டர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று பதில் சொன்னார். அதிபர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்ப உம்மட பொறுப்பு."

பையன்களும் அவர்களுடைய தகப்பன்மார் சிலரும் வந்தார்கள். அணித் தலைவனின் தகப்பனார் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றில் கங்காணி; தன் ஆட்களோடு மண்வெட்டிகளையும் கூடைகளையும் கொண்டு வந்திருந்தார். "வாத்தியாரய்யா, ஆறு நாளும் தோட்டத்துல மம்பட்டி புடிக்கிறோம். கோயிலுக்குப் போற நாள்லயும் மம்பட்டியா? நீங்க தொரையாப் பொறக்க வேண்டியவரு!" என்று கேலி செய்துகொண்டேதான் முதல் வெட்டு வெட்டினார். மேட்டுப் பக்கத்து மண்ணை வெட்டிப் பள்ளத்துப் பக்கம் கொட்டினார்கள். மண் சரியாமல் இருக்கக் கொய்யா மரத்தை ஒட்டிக் கல் அடுக்கினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியவில்லை. ஒவ்வொரு நாளும் மாலையில் மாஸ்டர் பந்தோடு வந்து வைத்துப் பார்ப்பார். அது அசைந்தால், "இன்னும் கொஞ்சம்" என்பார். "பந்துக்குச் சளி புடிச்சிருக்கும் வாத்தியாரே, அது நடுங்குது!" என்றார் கங்காணி. கடைசியில் ஒரு மாலை பந்து நின்றது. காற்று வீசியும் நின்றது. யாரும் கை தட்டவில்லை. கங்காணி மட்டும் கிட்டப் போய், காலால் அதை இலேசாக நெட்டிப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார்.

பிறகு மழைக்காலம் வந்தது. அதிபர் சொன்னது பலித்தது. முன்பு அரைமணி நேரத்தில் காயும் மைதானத்தில் இப்போது குட்டை குட்டையாகத் தண்ணீர். பையன்கள் சாக்குகளை விரித்து ஒற்றி எடுத்தார்கள். பாதி நாள் பயிற்சியே நடக்கவில்லை. நடந்த நாட்களில் ஆட்டம் பார்க்கச் சகிக்கவில்லை. சாய்ந்து ஓடிப் பழகியவர்கள் சமதரையில் தடுமாறினார்கள். பந்து ஆளைத் தவறவிட்டுப் பழைய மேட்டுப் பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. "சார், பழைய கிரவுண்டையே குடுத்துருங்க" என்று ஒருவன் கெஞ்சினான். "எங்கடா குடுக்கறது? அது கொய்யா மரத்துக்குக் கீழ கெடக்கு" என்றார்.

செப்டெம்பரில் கண்டி அணி வந்தது. நிர்வாக சபைத் தலைவர் முன் வரிசையில் கம்பளிச் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். முதல் பாதியில் சமாளித்தோம். இரண்டாம் பாதியில் பின்தங்கினோம். "டேய், இது நம்ம கிரவுண்டு தானா, இல்ல கண்டிக்காரன் தூக்கிட்டு வந்துட்டானா?" என்று பழைய மாணவர் ஒருவர் சத்தம் போட, கூட்டம் சிரித்தது. நான் கடைசி மணியை அடித்தபோது, எங்கள் மைதானத்தில் நாங்கள் தோற்றிருந்தோம். எனக்கு நினைவு தெரிந்து அதுவே முதல் தடவை.

அணித் தலைவன் கம்பத்தடியில் உட்கார்ந்து அழுதான். மாஸ்டர் அவன் பக்கத்தில் குந்தினார்.

"இன்னைக்குத்தான்டா நீங்க ஒழுங்கா ஒரு மேட்ச் ஆடியிருக்கீங்க."

"தோத்துட்டோமே சார்."

"ஆமா, தோத்துட்டோம். அவனுங்களும் நாமளும் ஒரே மாதிரித் தரையில ஆடுனோம். எவ்வளவு பின்னால இருக்கோம்னு இப்பத்தான் தெரியுது. எந்திரி, கையக் குடுத்துட்டு வா."

ஆண்டு முடிவில் அவருடைய நியமனம் புதுப்பிக்கப்படவில்லை. அதிபர் பேசிப் பார்த்ததாகவே கேள்வி. பட்டிப்பொலவுக்குக் குடும்பத்தோடு அவர் புறப்பட்ட அன்று நான் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி என்னிடம், "நீங்களே கேளுங்க அண்ணே, தரையச் சமமாக்கிட்டுக் குடும்பத்தச் சாச்சுட்டாரு" என்றார். குரலில் கோபம் பாதி, சிரிப்பு பாதி. நிரந்தரமான பிறகு வெட்டியிருக்கலாமே என்று நானும் கேட்டேன்.

"வெட்டியிருக்கலாம்" என்றார். "ஆனா இந்தப் பயலுகள்ல பாதிப் பேருக்கு ஸ்கூலே இன்னும் ரெண்டு வருஷந்தான் சார். என் வேல உறுதியாகிற வரைக்கும் அவனுங்க சாஞ்சே ஆடணுமா?"

அடுத்து வந்த பயிற்சியாளர் திறமைசாலி. இதை மறைப்பது நியாயமாகாது. பழைய மாஸ்டரால் சொல்லிக்கொடுக்க முடியாத ஒன்றை, அதாவது பந்தைக் கூடைக்குள் போடும் முறையை, இவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். முதல் ஆண்டு ஹட்டனில் வென்று கண்டியில் தோற்றோம்; ஆனால் தோல்வி மிகக் கிட்டத்தில். அதற்கு அடுத்த ஆண்டு கண்டியில் வென்றோம், பிறகு ஹட்டனிலும். கேடயம் வந்தது. கல்லூரி மண்டபத்து மரப்பலகையில் புதியவரின் பெயர் பொன்னெழுத்தில் ஏறியது. ஊர்த் தேநீர்க் கடைகளில் அவரைப் போல ஒரு கோச் இந்த மலைநாட்டிலேயே இல்லை என்று பேசிக்கொண்டார்கள். பாராட்டுக் கூட்டத்தில் அவர், "நான் வர்றப்பவே தரை சமமா இருந்துச்சு" என்று சொன்னார். தன்னடக்கத்தில் ஏதோ உவமை சொல்கிறார் என்று எண்ணிக் கூட்டம் கை தட்டியது. உண்மையில் மைதானத்தைப் பற்றித்தான் சொன்னார்.

கண்டியில் வென்ற அந்த ஆட்டத்துக்குப் பழைய மாஸ்டர் வந்திருந்தார். கூட்டத்தின் பின்னால், மரத்தடியில், நனைந்த குடையோடு நின்றிருந்தார். ஆட்டம் முடிந்து நான் போய்க் கையைப் பிடித்தபோது வெற்றியைப் பற்றி அவர் பேசவில்லை. "மேட்ச்சுக்கு முந்தி ஸ்வெட்டரக் கழட்டுனப்ப ஒரு பயலும் பந்த மிதிக்கல, பாத்தீங்களா?" என்றார். நான் கவனித்திருக்கவில்லை என்று சொன்னேன். "நீங்க மணியப் பாத்துக்கிட்டு இருந்திருப்பீங்க" என்று சிரித்தார்.

ஓய்வு பெற்றபின் நான் விளையாட்டுச் சஞ்சிகைகள் நிறையப் படிக்கிறேன். கல்லூரிக் கூடைப்பந்தில் தலைசிறந்த பயிற்சியாளர் யார் என்ற விவாதம் அவற்றில் அடிக்கடி வரும். வெற்றிகளை எண்ணி ஒருவரை முன்னிறுத்துவார்கள். உருவாக்கிய ஆட்டக்காரர்களை எண்ணி இன்னொருவரை. எனக்கு இவற்றில் சண்டையில்லை. நான் மட்டும் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்கிறேன்: தன் அணிக்கு ஊன்றுகோலாக இருந்த ஒன்றை, அதுவே தன் பிழைப்புக்கும் ஊன்றுகோலாக இருந்த வேளையில், அவர் தட்டிவிட்டாரா? இந்தக் கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்லக்கூடியவரை நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். பலகையில் அவர் பெயர் இல்லை. பலகை பொய் சொல்லவில்லை. அது கேடயங்களை மட்டுமே கேட்டுப் பதிந்துகொள்ளும் பலகை.

சென்ற பள்ளித் தவணையில் ஒரு வேலையாகக் கல்லூரிக்குப் போயிருந்தேன். மைதானத்துக்கு இப்போது சிமெந்துத் தரை. கொய்யா மரம் இல்லை. கங்காணியின் ஆட்கள் அடுக்கிய கற்கள் பாசி படிந்து அப்படியே இருக்கின்றன. பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். இடைவேளை விசில் ஊதியதும் ஒருவன் பந்தை நடுவட்டத்தில் வைத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.