என் கையளவும் அவர் கையளவும்

என் கணவர் மேல் எனக்குப் பொறாமை வந்தது, அவர் வேலையில்லாமல் வீட்டில் இருந்த மாதங்களில். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

நான் சுரங்கத்தின் டைம் ஆபீஸில், வருகைப் பதிவு பார்க்கும் இடத்தில், பர்மனென்ட். பணியில் இருக்கும்போதே அப்பா இறந்துபோனதால் எனக்குக் கிடைத்த வேலை அது. என் கணவர் ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ்ஸை கான்ட்ராக்டில் ஓட்டிக்கொண்டிருந்தார். கான்ட்ராக்ட் கைமாறியது. புதிதாக எடுத்தவர் தன்னுடைய டிரைவர்களையே கூட்டிவந்துவிட்டார். வேறு வண்டி கிடைக்கும்வரை வீட்டையும் சமையலையும் தான் பார்த்துக்கொள்வதாக அவராகவே சொன்னார். அவருக்குச் சொந்த ஊர் கம்மாபுரம் பக்கம். அவர் வீட்டு ஆண்கள் யாரும் தண்ணீர் குடிக்கக்கூட அடுப்படிக்குள் போய் நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷம்தான். எத்தனை நாளைக்கு என்று ஒரு சந்தேகமும் இருந்தது.

எங்கள் குவார்ட்டர்ஸில் எடை போட எதுவும் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து எல்லா அளவும் என் கையில்தான் இருந்தது. அவர் ஆபீஸுக்கு போன் செய்து ஒவ்வொன்றாகக் கேட்பார். எலுமிச்சம்பழ அளவு புளி என்றால், எந்த எலுமிச்சம்பழம், நாட்டுப்பழமா பெரிய பழமா என்பார். கொஞ்சம் பெருங்காயம் என்றால், எவ்வளவு கொஞ்சம் என்பார். பக்கத்து மேசைக்காரர்கள் சிரிப்பார்கள். பருப்பு இரண்டு கை போடச் சொன்னேன். பஸ் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து அகன்ற கை அவருக்கு. என் கையைப் போல ஒன்றரைக் கை. அன்றைய சாம்பாரைக் கரண்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ப்ளஸ் ஒன் படிக்கும் எங்கள் மகள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுத் தயிர் கேட்டாள். போகப்போகச் சரியாகிவிடும் என்று நான் அவருக்குச் சமாதானம் சொன்னேன். சொல்லும்போதே உள்ளே ஜில்லென்று இருந்தது.

போகப்போகச் சரியாகத்தான் ஆனது. போன் வருவது குறைந்து, பிறகு நின்றேவிட்டது. அவர் எதையும் கையால் அளப்பதை விட்டிருந்தார். அவர் டீ குடிக்கும் எவர்சில்வர் டம்ளரில் ஒரு கோடு இருக்கும், பருப்புக்கு அந்தக் கோடு. உப்புக்கு மகளின் பழைய சத்துமாவு டப்பாவில் கிடந்த கரண்டி. புளியைக் கரைத்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார், கண்ணை மூடிக்கொண்டு. எனக்கு எரிச்சலாக வரும்.

மகளின் டிபன் டப்பா காலியாகத் திரும்ப ஆரம்பித்தது. அவருடைய வத்தக்குழம்பை அவள் கூட்டாளிகள் பிடுங்கிச் சாப்பிடுகிறார்களாம். ஒருநாள் நான் தலை பின்னிவிடும்போது, குற்றம் சொல்லும் எண்ணமே இல்லாமல் சொன்னாள்: "நீ வெச்சா ஒருநாள் ஒருமாதிரி இருக்கும்மா. அப்பா வெச்சா எப்பவும் ஒரேமாதிரி இருக்கு."

பின்னலை இறுக்கி முடித்தேன். வலிக்கிறது என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சமையல் என்னுடையது என்று அறிவித்துவிட்டேன். கோழிக்குழம்பு. அடுப்படிக்குள் நுழைந்தால் அது என் அடுப்படியாக இல்லை. அஞ்சறைப் பெட்டியில் சீரகம் இருந்த இடத்தில் வெந்தயம். மிளகாய்த்தூள் டப்பா எட்டாத உயரத்தில், அவர் உயரத்துக்கு. எதையும் அவரிடம் கேட்கக்கூடாது என்ற வீம்பில் தேடித்தேடிச் சமைத்தேன். உப்பை வழக்கம்போலக் கைக்கணக்கில் அள்ளிப் போட்டேன். வாயில் வைக்க முடியவில்லை. கரிப்பு. கல் உப்பை நிறுத்திவிட்டு அவர் பொடி உப்பு வாங்க ஆரம்பித்திருந்தார். ஜாடியில் இருந்தது வேறு உப்பு என்பது கண்ணில் பட்டும், கை பழைய பழக்கத்திலேயே அள்ளிவிட்டது.

அவர் சோற்றை அதிகமாகப் பிசைந்து சாப்பிட்டார். மகள் வாயைத் திறக்கப் போனபோது, "உப்ப மாத்தினத நான்தான் அம்மாகிட்ட சொல்லல" என்றார். அவர் என் பக்கம் பேசியதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

முந்திரி பூத்திருந்த சமயத்தில் விருத்தாசலத்திலிருந்து என் தங்கை குடும்பத்தோடு வந்தாள். எங்கள் இருவருக்கும் அம்மாவின் சமையல்தான். அவள் வீட்டுக்காரருக்கு என் வத்தக்குழம்பு பிடிக்கும் என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. அன்றைக்கு வைத்தது என் கணவர். தங்கை வீட்டுக்காரர் மூன்றாவது முறை சோறு வாங்கியபோது நான் மோர் எடுக்கும் சாக்கில் உள்ளே போய்விட்டேன். தங்கை பின்னாலேயே வந்தாள், என்னைத் தேடி இல்லை. என் கணவர் அங்கே பாத்திரத்தை ஒழித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, புளி எவ்ளோ, தூளு எவ்ளோன்னு சரியா சொல்லுங்க. அக்காகிட்ட கேட்டா கையக் காட்டும், எனக்கு ஒருநாளும் சரியா வந்ததில்ல" என்றாள்.

ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபது வருஷம் நான் வைத்த குழம்பு. டம்ளரும் கரண்டியும் காட்டப் போகிறார், அவள் போனில் படம் எடுத்துக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார். "உன் கைய உங்க அக்கா கையோட வெச்சிப் பாரு" என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் உள்ளங்கையைச் சேர்த்து வைத்தோம். விரல் நுனிவரை ஒரே அளவு.

"என் அளவு இந்த டம்ளர் இல்லாம ஆவாதும்மா. உனக்கு அவ கைதான் சரி. அவ போடறத பாத்துகினு நில்லு, பாத்தா பத்தாது, உன் கையில வாங்கிப் பாரு. நானே அவ சொன்னத எனக்குத் தோதா மாத்திகினுதான வெக்கறேன்."

அன்று சாயங்காலம் தங்கை கையில் புளியை உருட்டி வைத்தேன். மல்லித்தூளை அவள் உள்ளங்கைக் குழியில் கொட்டி, எதுவரை நிரம்ப வேண்டும் என்று காட்டினேன். அவள் மூடித் திறந்து பார்த்தாள். அவர் வெளியே முருங்கை மரத்தடியில் அவள் வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார், நாங்கள் என்ன செய்கிறோம் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதற்குப் பிறகு என் பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. அந்தப் பெருந்தன்மையும் அவருடையதாகவே போய்விட்டதே என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வாரம் தங்கை போன் செய்தாள். குழம்பு அப்படியே அமைந்ததாம், மாமாவிடம் சொல்லச் சொன்னாள். நான் சொல்லவில்லை.

ஜூனில் அவருக்கு ஒரு ஸ்கூல் வேன் கிடைத்தது. காலைச் சமையல் இன்னமும் அவர்தான், டிரிப்புக்குப் போவதற்கு முன்னால் முடித்துவிடுகிறார். ராத்திரிக்கு நான். பொடி உப்பு என் கைக்கும் பழகிவிட்டது. மகள் இப்போதெல்லாம் யார் சமையல் என்று கேட்பதில்லை, பசித்தால் சாப்பிடுகிறாள். அவர் இதுவரை தொடாதது ரசம் மட்டும்தான். போன வாரம் அடுப்பருகே வந்து நின்று, மிளகு எவ்வளவு தட்டிப் போடுகிறாய் என்று கேட்டார். அம்மியைப் பாதி மறைத்தாற்போல நின்றுகொண்டு, "கொஞ்சம்" என்றேன்.