பச்சைக் காரின் இடது மூலை

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரைக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை, ஒரு கார் இருந்தது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடித்து வைக்கக்கூடிய, கொழுந்துப் பச்சை நிறக் கார். சீமையிலிருந்து கப்பலில் வந்தது. அந்த மாதிரி இன்னொன்று இலங்கையில் கொழும்பில் மட்டும்தான் இருக்கிறது என்று மாமா சொல்வார். மாமா கொழும்பைப் பார்த்ததில்லை. ஆனாலும் எங்களுக்கு அந்த இன்னொரு காரின் மேல் தீராத பொறாமை.

அப்பா தோட்டத்து லாரி ஓட்டுபவர். பச்சைக் காரைத் துரையேதான் ஓட்டுவார். அதைக் கழுவுவதும் துடைப்பதும், எங்கள் லிந்துலை மலைக் குளிரில் காலையில் அதன் இஞ்சினை எழுப்பி வைப்பதும் அப்பாவின் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் கராஜுக்குக் கூட்டிப் போவார். எனக்குக் காரைவிட அதன் முன் பம்பரைத்தான் பிடிக்கும். வெள்ளியாய் மின்னும் அந்த வளைந்த தகட்டுக்குள் எங்கள் தோட்டமே இருந்தது. அங்கே மலைகள் ஒருக்களித்துப் படுத்திருக்கும். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகள் வரிசையாக வளைந்து கிடக்கும். வெளியே பனி இறங்கினால் உள்ளேயும் இறங்கும். கன்னம் உப்பிய ஒரு சின்னப் பெண் அதற்குள்ளிருந்து என்னைப் பார்ப்பாள். அவள் அந்த ஊரில் குடியிருப்பவள் என்றே நம்பியிருந்தேன்.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது ஆயுத பூசை வந்தது. துரை கொழும்புக்குப் போயிருந்தார். போகும்போது காரை வெளியே எடுக்கக் கூடாது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். நாங்கள் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் மாவிலை கட்டி, கொழுந்து உருட்டும் இயந்திரம் முதல் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசியாயிற்று. லாரிக்கு மாலையும் போட்டாயிற்று. அப்போதுதான் ஸ்டோரில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்த மாமாவுக்கு அந்த யோசனை வந்தது. அம்மாவின் தம்பியான அவருக்கு யோசனைகள் வருவது பற்றி எங்கள் வீட்டில் எப்போதுமே ஒரு பயம் உண்டு.

“எல்லா வண்டிக்கும் பொட்டு வச்சிட்டு தொர கார மட்டும் விட்டா, அதுக்குத்தான் மச்சான் கெடுதல் வரும்.”

அப்பா மாட்டேன் என்றுதான் சொன்னார். மாமா விட்டால்தானே. கடைசியில், காருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற பயத்திலேயே அப்பா காரை வெளியே எடுத்தார்.

சரிவான ஸ்டோர் முற்றத்தில், துரையின் கார் செவ்வந்தி மாலையோடு கல்யாணப் பெண்ணாக நின்றது. நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். குங்குமம் தடவிய நீற்றுப் பூசணிக்காயை மாமா காருக்கு முன்னால் ஓங்கி உடைத்தார். அதைக் கூட்டித் தள்ளிவிட்டு அப்புறம் வண்டியை எடுக்கலாம் என்றார் அம்மா. ராகு காலம் வந்துவிடும் என்றார் மாமா. அப்பா காரை நகர்த்தினார். எலுமிச்சைகள் நசுங்க, எல்லோரும் கை தட்டினோம். பூசணிச் சதையின் மேல் ஏறிய சக்கரம் பிரேக்குக்குக் கட்டுப்படவில்லை. கார் அவசரமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய், கொழுந்து நிறுக்கும் தராசைத் தொங்கவிடும் கல்தூணில் முட்டியது. பானை மூடி விழுந்த அளவுக்குத்தான் சத்தம் வந்தது.

முதலில் ஓடிப் போய்ப் பார்த்தவள் நான்தான். பம்பரின் இடது மூலை உள்ளங்கை அகலத்துக்கு உள்ளே மடங்கியிருந்தது. அந்தப் பக்கத்து மலைகளைக் காணவில்லை. அந்தப் பெண்ணுக்கு அடிபட்டிருக்குமோ என்று அழுதேன். அப்பாவுக்காக அழுகிறேன் என்று நினைத்து எல்லோரும் என்னைத் தேற்றினார்கள்.

அப்பாவை யாரும் தேற்றவில்லை. என்ன சொல்லித் தேற்றுவது? துரை கோபப்பட்டால் வேலையை விட்டு நிறுத்தும் பற்றுச்சீட்டு கைக்கு வந்துவிடும். வேலை போனால் லயத்தில் நாங்கள் குடியிருந்த காம்பிராவும் போய்விடும். சட்டி பானையோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். துரை அடுத்த நாள் சாயங்கால ரயிலில் வருவதாக இருந்தது.

மறுநாள் காலையில் அப்பாவும் மாமாவும் பம்பரைக் கழற்றி, துணியில் சுற்றி, எங்கள் காம்பிராவுக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்தார்கள். அடுத்த வீடு தெரியாத அளவுக்குப் பனி. மாமா சுத்தியலை எடுத்தார்.

“சுத்தியல் பட்டுச்சோ, ஒன் கைய ஒடிச்சிருவேன் தம்பி,” என்றார் அம்மா.

கொழுந்து எடுக்கும்போது மழைக்குப் போட்டுக்கொள்ளும் கம்பளியை நான்காக மடித்துத் தரையில் விரித்தார். அதன் மேல் பம்பரைக் கவிழ்த்து வைத்து, உலக்கையை எடுத்துவந்து, உள்பக்கமாக மெல்ல இடிக்கத் தொடங்கினார். மாவு இடிக்கும் அதே நிதானம். அப்பா ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டார், மாமா மறு நுனியை. பனிக்குள் ஓர் உலக்கைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நடுநடுவே அவர்கள் தகட்டைத் திருப்பிப் பார்த்தபோது, விலகும் பனிக்குள்ளிருந்து மலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருவதை நான் குனிந்து குனிந்து பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமான காலை எனக்கு அதற்குப் பிறகும் அதிகம் வாய்த்ததில்லை. மற்ற மூவரும் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு எங்கே தெரிந்தது?

தகடு நிமிர்ந்துவிட்டது. ஆனால் மடிந்த இடத்தில் முலாம் உரிந்து கறுப்பாகத் தெரிந்தது. மாமா ஸ்டோருக்கு ஓடிப் போய், தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் வெள்ளித் தாளில் ஒரு துண்டு கொண்டுவந்தார். அதைப் பசை வைத்து ஒட்டி, கரண்டியின் முதுகால் தேய்த்தார். சற்று எட்ட நின்று பார்த்தால் எதுவும் தெரியவில்லை. கிட்டப் போனால் அந்தப் பெண்ணுக்கு இரண்டு மூக்கு இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

துரை வந்த மறுநாள் காலையில் அப்பாவுக்கு ரொட்டி கொண்டுபோனேன். கராஜுக்கு முன்னால் அப்பா காரின் இடது மூலையை ஒட்டி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார். துரை வந்தார். அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காரின் மூக்கை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வலது பக்கமாகப் போய் ஏறிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். துரை வரும்போதெல்லாம் அப்பா அந்த மூலையில் நிற்பார். துரை ஒரு தடவைகூட அந்தப் பக்கம் வரவில்லை. காரை நிறுத்தும்போதுகூட இடது மூலை சுவரை ஒட்டி இருக்கும்படி அவரே நிறுத்தினார். மழை பெய்து ஓய்ந்தால் அப்பா வெள்ளித் தாளும் பசையுமாகக் கராஜுக்குப் போவார். அப்பா மெலிந்துகொண்டே வந்தார். கோயிலை வலமாகச் சுற்றுவதுபோல, காருக்கும் ஒரு முறை இருக்கிறது என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

ஒரு பகல், காலித் தேயிலைப் பெட்டியை ரோட்டில் வைத்து நானும் என் தம்பியும் கார் விளையாடினோம். மூத்தவள் என்பதால் நான்தான் துரை. தம்பியை டிரைவராக்கி, பெட்டியின் இடது மூலையில் கைகட்டி நிற்க வைத்தேன். அப்போது நிஜக் கார் வந்து நின்றது. துரை ஓட்டிவந்தார், பக்கத்தில் அப்பா இருந்தார். துரை, அந்தப் பையன் ஏன் அங்கே நிற்கிறான் என்று அவருக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

“தொர வர்றப்ப டிரைவரு அங்கதாங்க நிக்கணும்,” என்றேன்.

துரை சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. இஞ்சினை அணைத்தார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார்.

“டிரைவர், இனி அங்கே நிக்க வேணாம்.”

அப்பா கீழே இறங்கினார். பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் தலையில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை.

நின்றுகொண்டிருந்தவன் தம்பி. துரை ஏன் அதை அப்பாவிடம் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. இதுதான் சாக்கு என்று தம்பி நகரப் பார்த்தான்.

“நீ நில்லுடா,” என்று அதட்டினேன். “தொர இன்னும் போகல.”