ஹாலிஸின் கையைப் புதைத்தவள்

ஓபல் டகெட் பொய் சொல்ல மாட்டாள். அதனாலேயே எங்கள் ஹார்ப்பர் பெண்ட் ஊரில் பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காது. "உங்க பிரசங்கத்துல நாலு பேரு தூங்கிட்டாங்க" என்று பாஸ்டரிடமே முகத்துக்கு நேரே சொன்னவள். சபைக் கல்லறையில் குழி வெட்டுவது அவள் வேலை. அலபாமா முழுக்கத் தேடினாலும் அப்படி நறுக்கென்று வெட்ட ஆள் கிடைக்காது.

மர அறுவை மில்லில் ஹாலிஸ் கிரிம்ஸின் வலது கை மணிக்கட்டோடு போனபோது, அதைச் சின்னப் பைன் பெட்டியில் வைத்துப் புதைத்ததும் அவள்தான். ஜெபம், பாட்டு, கோழி வறுவல் எல்லாம் முறைப்படி நடந்தது.

மூன்றாம் மாதம் அந்த இல்லாத கை வலிக்க ஆரம்பித்தது. சுண்டுவிரல் மடங்கி நசுங்குகிறது என்று ஹாலிஸ் துடித்தான். புதைத்த கை பெட்டிக்குள் கோணலாகக் கிடந்தால் ஆளுக்கு வலிக்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. இதற்கு எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: தோண்டி எடுத்து, விரலை நிமிர்த்தி, மறுபடி புதைப்பது. டாக்டர் சிரித்தார். அவருக்கென்ன, வலி ஹாலிஸுக்கு. தூக்கமே போய்விட்டது. ஒரு மத்தியானம் அவன் மனைவி வெர்னா ஓடிவந்தாள்.

"மிஸ் ஓபல், துப்பாக்கிய ஒளிச்சு வச்சிருக்கேன். அவரு அதத் தேடிக்கிட்டே இருக்காரு."

ஓபல் மண்வெட்டியை எடுத்தாள். நானும் கூடப் போனேன். கல்லறையில் ஏதோ மிருகம் எங்களுக்கு முன்பே தோண்டியிருந்தது. மூடி உடைந்து, பெட்டி காலியாகக் கிடந்தது. ஓபல் கொஞ்ச நேரம் குழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, மண் ஒட்டிய கையோடு ஹாலிஸ் வீட்டுக்கு நடந்தாள்.

"ஏப்பா ஹாலிஸ், நீ சொன்னது சரிதான். சுண்டுவிரலு அடியில மாட்டியிருந்துச்சு. நிமித்தி, பஞ்சு வச்சுப் படுக்க வச்சிட்டேன்."

ஹாலிஸ் கண்ணை மூடினான். "ஆமா மிஸ் ஓபல், விட்டுருச்சு" என்றவன் நாற்காலியிலேயே தூங்கிப்போனான். வெர்னா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அடுத்த ஞாயிறு சபையில் திருவிருந்து; செய்த பாவத்துக்கு மனம் வருந்தாதவர்கள் அந்த ரொட்டியைத் தொடக் கூடாது. ரொட்டித் தட்டு வந்ததும் ஓபல் தொடாமல் என் பக்கம் தள்ளினாள். அதற்கடுத்த முறையும் அப்படித்தான். ஊர் சும்மா இருக்குமா? காட்டுக்குள் சாராயம் காய்ச்சுகிறாள் என்றுகூடக் கதை கட்டியது. எனக்குப் பொறுக்கவில்லை.

"பொய் சொல்லிட்டேன்னு கர்த்தர்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டுச் சாப்பிட வேண்டியதுதானே" என்றேன்.

"மன்னிப்பு கேக்கணும்னா வருத்தப்படணும். நான் வருத்தப்படல. அப்புறம் எப்பிடி அதத் தொடுறது?"

அதன்பின் ஹாலிஸ் பத்தொன்பது வருஷம் நன்றாகத் தூங்கினான். அந்தப் பத்தொன்பது வருஷமும் ஓபல் ரொட்டியைத் தொடவே இல்லை.